பிழை பொறுக்காத பெட்டி

பக்திப் பாடல்களை மனப்பாடம் செய்தவனுக்கு மின்சாரமும் விளங்கும் என்று யாரும் சொன்னதில்லை. நானாகவே அப்படி எண்ணிக்கொண்டேன்.

ஓசூர்த் தொழிற்பேட்டை அருகே எங்கள் அறக்கட்டளை நடத்தும் சிறு மருத்துவமனைக்கு நான் அறங்காவலர். புதிய அறுவை அரங்கில் மின்கசிவு நேர்ந்தால் என்ன செய்வது என்பது அன்றைய கூட்டத்தின் பொருள். மயக்க மருத்துவர் சுமதி தனிவகை மின்மாற்றி ஒன்றைக் கேட்டார். முதற்கசிவுக்கு அது மின்சாரத்தை நிறுத்தாது, மணியடித்து எச்சரிக்கும், அறுவை தடைபடாது. நானோ, கசிவு கண்ட கணமே இணைப்பைத் துண்டிக்கும் டிரிப்பர் பெட்டியே போதும் என்றேன். "குற்றம் கண்டும் மணியடித்துக்கொண்டிருப்பது காவலா?" என்று முழங்கினேன். (கைதட்டல் வேறு!)

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலைகளில் இயந்திரங்களைக் கழுவிச் சந்தனம் இடுவது போல அறுவை அரங்கிலும் செய்யவேண்டும் என்று ஆணையிட்டேன். செய்தார்கள். பூஜை முடிந்து முதலில் மேசையில் படுத்த நோயாளி நான்தான், குடலிறக்கம்.

முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அறுவை மருத்துவர் அடிவயிற்றைத் திறந்துவிட்டு, உறிஞ்சும் இயந்திரத்தைப் போடச் சொன்னார். 'டக்' என்றது. எங்கும் இருள்.

"யாருப்பா கரண்ட்ட கட் பண்ணது?" என்றார் அவர்.

கதவுக்கு அப்பாலிருந்து எலக்ட்ரீசியன் நாகராஜ் கத்தினார்: "யாரும் பண்ணலீங்க சார்! யூ.பி.எஸ்.ல கரண்ட் நெறைய இருக்குதுங்க. பெட்டிதான் உள்ள உடமாட்டேங்குது!"

"சுவிட்ச்ச மேல தூக்கச் சொல்லும்மா" என்றேன் ஈனக்குரலில்.

ஒரு கையில் என் நாடியும் மறுகையில் கைப்பேசி விளக்கும் பிடித்திருந்த சுமதி சொன்னார்: "தூக்கியாச்சுங்க ஐயா. மறுபடி விழுது. குத்தம் கண்டா உடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"டாக்டர், இந்த மிஷின்ல தண்ணி சொட்டுது. சந்தனங்கூட இன்னும் காயல" என்றார் செவிலியர்.

"இத யாரு கழுவச் சொன்னது?" என்றார் அறுவை மருத்துவர்.

இருளில் எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பியதை நான் காணவில்லை, உணர்ந்தேன். வேறு வழியின்றி, அடியார் பிழை பொறுக்கும் பெருமான்மீது ஒரு பாடலைத் தொடங்கினேன்.

"பிழை பொறுக்கறவரத்தான் தினமும் பாடறீங்க. இந்த ரூமுக்கும் அப்படி ஒண்ணு வாங்கித் தாங்கன்னுதானே கேட்டேன்?" என்றார் சுமதி.

"வாங்கிடலாம்மா. மொதல்ல தையலப் போடச் சொல்லு."

இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கியதும் பெட்டி மனம் இரங்கியது. எனக்கு உயிருக்கு ஒன்றும் இல்லை, மதிப்புக்குத்தான் சேதம். அடுத்த கூட்டத்தில் மின்மாற்றிக்கான தீர்மானத்தை, அடிவயிற்றில் தலையணையை அணைத்தபடி, நானே முன்மொழிந்தேன். (இம்முறை கைதட்டல் இல்லை, சிரிப்பு.)

நாகராஜ் என் மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. இன்றும் வீட்டில் மின்சாரம் போனால் அவள் மெழுகுவத்தியைத் தேடுவதற்குமுன் சமையலறையிலிருந்து கேட்கிறாள்:

"என்னங்க, மூடிட்டாங்களா, இன்னும் தெறந்தேதான் கெடக்குதா?"

என் கை தானாக அடிவயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது.