தோணிக்குக் காவலாக ஒரு செப்புத் தகடு

கன்னன்குடா,
செவ்வாய் இரவு.

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

நீங்களும் மாமியும் கட்டார் வெயிலில் வாடாமல் இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இங்கே அம்மா, தம்பி, ஆடு மூவரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. வீட்டில் இருப்பது அப்பாவின் போன்தான், அதில் எழுதினால் பார்த்துவிடுவார். அதனால் கொப்பியில் எழுதுகிறேன். காலையில் என் சிநேகிதி கம்சாயினி தன் போனில் படமெடுத்து அனுப்புவாள்.

மாமா, நீங்கள் வாங்கித் தந்த அலுமினியத் தோணியில் போன மாரிகாலத்தில் அப்பா காற்றுக்குள் போனபோது எனக்குப் பயமாயிருந்தது. கோணாமலைப் பூசாரியாரிடம் மந்திரித்த செப்புத் தகடு வாங்கி, அடிப்பலகைக்குக் கீழே உப்புத்தண்ணீர் தேங்கும் இடுக்கில் ஒருவருக்கும் சொல்லாமல் சொருகிவிட்டேன். மூன்று மாதத்தில் அந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தது, பிறகு குழி விழுந்தது, பிறகு ஓட்டை. அப்பா பிசின் பூசினார், அது நிற்கவில்லை, செங்கலடியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் திவாகரன் அண்ணனிடம் கொண்டுபோனார், அவர் இரும்புக்குப் பிடிப்பதுபோலவே நெருப்பைப் பிடித்தார், பட்டன் அளவு ஓட்டை சோற்றுக் கோப்பை அளவானது, "இது இரும்பில்லயே, மெழுகு மாதிரி ஓடுது" என்று அப்பாவையே குறை சொன்னார், கடைசியில் தோணியைக் கவிழ்த்து வெளிப்பக்கமாகவே அலுமினியத் துண்டு வைத்து ரிவெட் அடித்தார்கள், இரண்டு கிழமை நன்றாயிருந்தது, பிறகு ஒட்டுக்குப் பக்கத்திலேயே ஒழுகியது.

நேற்றுத்தான் அப்பா முதல்முறையாக அடிப்பலகையைக் கழற்றினார். பச்சை பிடித்த என் தகடு அகப்பட்டது. பக்கத்து வளவு மதுரன் அண்ணன் வைத்த சூனியம் என்று முடிவுகட்டி அதைப் பூசாரியாரிடம் கொண்டுபோனார். பூசாரியார் தான் எழுதிய தகட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது பெரிய கையொண்டுட வேல" என்றாராம். மாற்றாக மூன்று புதிய செப்புத் தகடு கொடுத்திருக்கிறார். மூன்றும் இப்போது தோணிக்குள்.

வெள்ளிக்கிழமை அப்பா கோயிலில் தேங்காய் உடைக்கப் போகிறார். "வச்சவன்ட கை முடங்கோணும்" என்று. மாமா, வைத்தது என் கை. அடுத்த மாதம் சோதனை எழுதவேண்டிய கையும் அதுதான்.

செம்பும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாடம் நான் தகடு வைத்த பிறகுதான் நடந்தது. நீங்கள் கப்பல் திருத்தும் இடத்தில் வேலை செய்கிறவர். உங்களுக்கே தோன்றியதுபோல அப்பாவுக்கு போன் எடுத்து, செம்பைக் கழற்றச் சொல்லுங்கள். என் பெயர் வரவே கூடாது.

மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அம்மன் உங்களைக் காக்கட்டும், நேரமிருந்தால் என்னையும்.

இன்னும் கை அசைகிற உங்கள் மருமகள்,
தர்மிகா

பி.கு.: தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அப்பா கொப்பியை வாசித்துவிட்டார். அடிக்கவில்லை. "என்னத்துக்கு புள்ள இவ்வளவு நாளும் சொல்லாம இருந்த?" என்று மட்டும் கேட்டார். டோர்ச்சோடு போய் மூன்று தகட்டையும் கழற்றினார். தேங்காய் கறிக்குப் போய்விட்டது. ஆனால் தோணி காவலில்லாமல் கிடக்கக்கூடாதாம். "செம்பு கூடாட்டி வெள்ளியில அடிப்பம்" என்று என் கொலுசைக் கேட்கிறார். புத்தகத்தின்படி வெள்ளி செம்பைவிட மோசம். சொன்னால், புத்தகம் எழுதினவர் தோணி ஓட்டினவரா என்கிறார். மாமா, இதை அப்பாவின் போனிலேயே அனுப்புகிறேன். என் பெயரைச் சொல்லியே உடனே போன் எடுங்கள். ஒரு கால் கொலுசு ஏற்கெனவே அவர் கையில்.