மிதக்க மறுத்த பேராசிரியர்

டுலூத், மின்னசோட்டா

அன்பும் மரியாதையும் நிறைந்த ஆர்டிஸ் அக்காவுக்கு, தம்பி லைல் எழுதுவது. இங்கே என் மனைவி மார்லிஸ் தரையிலும் தண்ணீரிலும் நலம். நான் தரையில் மட்டும். அங்கே நீயும் அத்தானும் உங்கள் முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டும்.

போன கோடையில் ஏரியில் எங்கள் படகு கவிழ்ந்ததும், நான் மார்லிஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளையும் சேர்த்து மூழ்கடிக்கப் பார்த்ததும் உனக்குத் தெரியும். "நீச்சல் கத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களோட படகுல உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று கல்லூரியில் முப்பது ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். நீச்சல் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்தபடி, தவறு செய்யப் பயப்படாதவனே கற்பான் என்று மற்றவர்களுக்கு விளக்கினேன். அவர்கள் கேட்டுக்கொண்டு கம்பியை விட்டார்கள், நான் விடவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரி பெர்னிஸ், "புரொபசர், நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள நான் அந்தக் கரைக்குப் போயிட்டு வந்துட்டேன்" என்றாள். பயிற்சியாளர் ரோண்டாவோ, "சார், வாய மூடுங்க. உங்க தத்துவத்துக்காகச் சொல்லல, தண்ணி உள்ள போகுது" என்றாள். அப்புறம் ஒருநாள் கரையில் நின்று கைவீச்சை விளக்கிக்கொண்டிருந்தவன் வழுக்கி ஆழத்தில் விழுந்தேன். கைகால்கள் என்னைக் கேட்காமலே ஏதோ செய்தன; மேலே வந்து கம்பியைப் பிடித்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். "எப்படிச் செஞ்சீங்க?" என்றாள் பெர்னிஸ். அங்கேதான் வினை. முதலில் வலது கையா, இடது காலா என்று யோசித்துக்கொண்டே மறுபடி இறங்கி, யோசித்தபடியே அடியில் போய் உட்கார்ந்தேன். ரோண்டா கழியை நீட்டி இழுத்துப் போட்டாள்.

போதும் அக்கா. இந்த மண்டையில் இனி எதுவும் ஏறாது. நீச்சல் குளத்தில் துணி வைக்கத் தந்த அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மார்லிஸிடம், நீ படகில் போ, நான் கரையில் நின்று கையசைக்கிறேன் என்று சொல்லப்போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் தோட்டத்துத் தக்காளியாவது சொன்னபடி கேட்டு வளரட்டும்.

உன் தம்பி,
லைல்

பி.கு.: காகித ஈரத்தை மன்னிக்கவும், தலைகூடத் துவட்டவில்லை. சாவி கொடுக்கப் போனபோது மார்லிஸும் வந்தாள். கடைசியாக ஒரு முறை என்று தண்ணீரில் இறங்கினோம். சர்ச் விருந்துக்கு வைத்த உருளைக்கிழங்கைக் கருகவிட்டது யார் என்று நீந்திக்கொண்டே சண்டை பிடித்தாள். விடுவேனா? பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே போய், பேச்சு முடிந்ததும் பார்த்தால் மறுகரை! ஜூலையில் இருவரும் படகில் போகிறோம். எப்படிக் கற்றேன் என்று மட்டும் கேட்காதே, எனக்குத் தெரியாது. என் பழைய மாணவர்கள் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதே.