வராதவர் விழா

உலகத்தில் நிலைத்து நிற்கும் பெரிய காரியங்கள் எல்லாம் சும்மா இருந்தவர்களால்தான் நடந்திருக்கின்றன என்பது அற்புதமணியின் கொள்கை. ஆதாரம் கேட்டால் கடலைக் காட்டுவார். முத்துச்சிப்பி எங்கேயாவது போகிறதா? கூட்டம் போடுகிறதா? வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறதா? இருந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. முத்து தன்னால் விளைகிறது. தூத்துக்குடிக்காரர் ஒருவர் இந்தச் சிப்பியிடம் பாடம் படித்து, அதை ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் நிதி நிர்வாகத்தில் புகுத்தினார் என்பதை நாட்டின் கல்வி வரலாறு கவனிக்காமல் விட்டது பெரிய குறை.

அற்புதமணி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்தார். கண்டெய்னர்கள் கிரேனில் ஏறி இறங்குவதைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, உழைப்பு என்பது வேறு எங்கோ நடக்கிற விஷயம் என்ற தெளிவு அவருக்கு வந்திருந்தது. அவருடைய மகள் ரீனா படித்த பள்ளி தருவைகுளம் போகிற சாலையில் கடலோரமாக இருந்தது. அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு அவர்தான் தலைவர். தலைவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு அவர் போகவில்லை. வராதவரால் மறுக்க முடியாது என்பதால் ஏகமனதாகத் தேர்வானார்.

பள்ளிக்கு அப்போது ஒரு கதவு தேவைப்பட்டது. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு. உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்த தகரக் கதவு, ஐப்பசியில் அடித்த ஒரு காற்றில் கீலோடு பிய்த்துக்கொண்டு போய் அடுத்த உப்பளத்தில் விழுந்தது. கழகத்தின் குறிப்புகளில் அதன்பிறகு அந்தக் கழிப்பறை 'இயற்கைக் காற்றோட்ட வசதி கொண்டது' என்று குறிப்பிடப்பட்டது.

தலைமையாசிரியை உமாராணி கதவைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் நினைவூட்டினார். கூட்டம் என்றால் வாட்ஸ்அப்பில்தான். யாரும் வர வேண்டியதில்லை. தலைவர் கருத்தைப் போடுவார், பெற்றோர்கள் கட்டைவிரலைப் போடுவார்கள், தீர்மானம் நிறைவேறிவிடும். கதவுக்கு நிதி திரட்டுவது என்றும், அதில் எந்தப் பெற்றோருக்கும் எந்தச் சிரமமும் இருக்கக் கூடாது என்றும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. இரண்டாவதற்குத்தான் கட்டைவிரல் அதிகம்.

செயலாளர் மெட்டில்டா பள்ளிக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தவள். ஊரறிந்த மக்ரூன் பலகாரத்தையே பிள்ளைகளின் தாய்மார்கள் சேர்ந்து செய்து விற்கலாம் என்று அவள் யோசனை சொன்னாள். முட்டையின் வெள்ளைக்கருவை நுரை வரும்வரை அடிக்க ஒரு ஆள் வேண்டும் என்ற காரணத்தால் அது நிராகரிக்கப்பட்டது. கடற்கரையில் 'நடைப் பேரணி' நடத்தலாம் என்றார் ஒருவர். அதில் நடக்க வேண்டியிருந்தது. பள்ளி வாசலில் க்யூஆர் அட்டை ஒட்டிவைப்பது என்ற யோசனைக்குப் பெரும் ஆதரவு கிடைத்தது. ஆனால் அந்த வழியாகப் போனவை பெரும்பாலும் ஆடுகள். அட்டை ருசியாக இருந்திருக்க வேண்டும்.

இந்த இருளில்தான் அற்புதமணிக்கு வெளிச்சம் கிடைத்தது. வெளிநாட்டுப் பள்ளிகளில் நடக்காத விழாவுக்கு டிக்கெட் விற்கிறார்களாம். பணத்தைக் கட்டிவிட்டு யாரும் வராமல் வீட்டில் இருந்துகொள்ளலாம். மேடை கிடையாது, மைக் கிடையாது, சமையல் கிடையாது. அவர் அதைக் கைப்பேசியில் படித்தபோது கண் கலங்கியது. சிப்பி கடைசியில் உலகம் முழுக்க அங்கீகாரம் பெற்றுவிட்டது.

அழைப்பிதழை அவரே எழுதினார். வெள்ளிக்கிழமை மாலை பள்ளி வளாகத்தில் நடைபெறாத விழாவுக்கு அனைவரும் குடும்பத்துடன் வராமல் இருந்து சிறப்பிக்குமாறு வேண்டியது அது. தனியாக வராமலிருக்க ஒரு கட்டணம், குடும்பத்தோடு வராமலிருக்க ஒரு கட்டணம், வாழ்த்துரைகளைக் கேட்காமலிருக்கத் தனிக் கட்டணம். ஏற்பாடுகளைக் கவனிக்க வரவேற்புக் குழுவுக்குப் பதிலாக 'வராமை ஏற்புக் குழு' அமைக்கப்பட்டது.

வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி. பிள்ளையே இல்லாதவர்கள் கூடக் கட்டினார்கள். வாழ்த்துரைக் கட்டணம்தான் மற்ற இரண்டையும் தாண்டிப் போனது. தன் பேச்சைக் கேட்காமலிருக்க ஊர் இவ்வளவு கொடுக்கும் என்று தெரிந்து, வழக்கமாக வாழ்த்துரை வழங்கும் பிரமுகர் சில நாள் வெளியே வரவில்லை. ஆள் வரவு இல்லாமலே பண வரவு என்று அற்புதமணி குழுவில் எழுதினார். கட்டைவிரல்கள் குவிந்தன.

வெள்ளிக்கிழமை அவர் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்தார். யாரும் வராமலிருப்பதை வீட்டிலிருந்தே மேற்பார்வையிட ஒரு பொறுப்பான ஆள் வேண்டுமல்லவா? சாய்வு நாற்காலியில் சாய்ந்தபோது மெட்டில்டாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, ஒரு ஆள் வந்துட்டாரு."

"எங்க?"

"இங்கனதான், பள்ளிக்கூடத்துல. விழாவுக்கு."

"காசு கட்டலயோ?"

"கட்டிட்டுத்தான் வந்திருக்காரு. உக்காந்தும் இருக்காரு."

அற்புதமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவர் வந்தால் விழா நடந்ததாகிவிடும். விழா நடந்தால், நடக்காத விழாவுக்கு வசூலித்தது மோசடியாகிவிடும். தடுக்க வேண்டுமென்றால் அவர் போக வேண்டும். அவர் போனால் வந்தவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள். சட்டச் சிக்கலைத் தீவிரமாக ஆராய்ந்து, தான் பதவி முறையில் போவதாகவும் தனிப்பட்ட முறையில் போகவில்லை என்றும் தீர்மானித்து, ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பூவரச மரத்தடியில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார் சிலுவை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், கழுத்தில் சென்ட் வாசனை. கப்பலின் எஞ்சின் அறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்று வந்தவர். ஊரில் நடந்த திருவிழா, கல்யாணம், ஞானஸ்நானம் ஒன்றிலும் இருந்ததில்லை. தன் சொந்த மகளின் கல்யாணத்தையே ஏதோ ஒரு துறைமுகத்தில் தபாலில் வந்த போட்டோவில்தான் பார்த்தார். அப்படிப்பட்டவருக்கு மெட்டில்டா அழைப்பிதழ் கொடுத்தபோது, அவர் 'விழா' என்ற இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார். சற்றுத் தள்ளி, பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாத நாலைந்து பெண்பிள்ளைகள் நொண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ரீனாவும் அதில் இருந்தாள்.

"மாமா, நீங்க வரக் கூடாது" என்றார் அற்புதமணி, மரியாதையாக.

"பத்திரிகை குடுத்தியளே."

"அது வராம இருக்கதுக்கான பத்திரிகை."

சிலுவை சட்டைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, இந்த முறை கடைசிவரை வாசித்தார்.

"அழைக்காமலே நான் பாதி ஆயுசு வராமத்தானல இருந்தேன். அதுக்கு இப்ப எதுக்குக் காசு?"

பிரியாணி உண்டா என்று விசாரித்தார். இல்லை. நன்றியுரை? அதுவும் இல்லை. அந்த ஒன்றில் மட்டும் அவருக்குத் திருப்தி ஏற்பட்டது. அற்புதமணி பக்கத்தில் உட்கார்ந்து, சிரமமில்லா நிதி திரட்டலின் தத்துவத்தை சிப்பியிலிருந்து தொடங்கி விளக்கினார். சிலுவை கடைசிவரை கேட்டார்.

"சிப்பி சும்மா கெடக்கும், சரி. முங்கி எடுக்கவனும் சும்மா கெடந்தா முத்து எப்படில கரைக்கு வரும்?"

முன்னனுமதி பெறாத கேள்வி என்பதால் தலைவர் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

அதற்குள் சிலுவைக்கு வேறு அவசரம் வந்துவிட்டது. சர்க்கரைக்காரர். கழிப்பறை எங்கே என்று கேட்டார். ஆண்பிள்ளைகளுக்கு அங்கே சுற்றுச்சுவரும் அதற்கு அப்பால் பரந்த கடற்கரையும்தான். ரீனா நொண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"வாங்க தாத்தா, நான் காவலுக்கு நிக்கேன். திரும்பி நின்னு வாய்ப்பாடு சொல்லுவேன். சத்தம் கேட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க."

சுவரோரம் சுருட்டி வைத்திருந்த நீலத் தார்ப்பாயை, பெண்பிள்ளைகள் கழிப்பறையின் கதவில்லாத வாசலில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்தார்கள். ரீனா முதுகைக் காட்டி நின்று, தொண்டையைத் திறந்து ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு தடுமாற்றம் இல்லை. ஏழு முடிந்ததும் எட்டுக்குப் போனார்கள். சிலுவைக்கு நேரம் பிடித்தது. பிள்ளைகள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் நுழைந்தார்கள்.

பெண்பிள்ளைகள் கணக்கில் ஆண்பிள்ளைகளை முந்திவிட்டதைப் பாராட்டி அற்புதமணி சென்ற மாதம்தான் குழுவில் ஒரு வாழ்த்துச் செய்தி போட்டிருந்தார். அவர்களுடைய திடீர் முன்னேற்றத்துக்குக் கழகத்தின் வழிகாட்டுதலே காரணம் என்றும் அதில் எழுதியிருந்தார்.

சிலுவை முகம் சிவந்து வெளியே வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். ரீனா பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். மூடி வரை நிறைந்திருந்தது.

"ஏளா, காலையில கொண்டுவந்ததா? ஒரு மடக்குக் கூடக் குடிக்கலயே."

"பள்ளிக்கூடத்துல நாங்க யாரும் குடிக்க மாட்டோம் தாத்தா. குடிச்சா போகணும்லா."

அற்புதமணி பாட்டிலைப் பார்த்தார். தினமும் சாயங்காலம் அந்தப் பாட்டில் நிறைந்தே வீடு திரும்புவதை அவர் பார்த்திருக்கிறார். பொருளை வீணாக்காத பிள்ளை என்று மனைவியிடம் பெருமைப்பட்டும் இருக்கிறார். மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் பொறுப்பில் இருக்கிறவர்கள் உணர்ச்சிவசப்படக் கூடாது. கதவு பற்றிய விஷயம் 'பரிசீலனையில்' இருப்பதாகவும், மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டியிருப்பதாகவும், அதை வாங்கப் போவதற்கு ஒரு ஆள் கிடைத்தவுடன் பணி துரிதமடையும் என்றும் சிலுவையிடம் தெரிவித்தார்.

சிலுவை தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஒரு மீன் வண்டி பள்ளிக்குள் வந்து நின்றது. அதில் ஒரு கதவு கிடந்தது. சிலுவை வீட்டுப் பின்வாசல் கதவு. நல்ல தேக்கு, நீல வண்ணம் அடித்தது, நடுவில் மாதா படம் ஒட்டியிருந்தது. உமாராணி டீச்சர் ஓடிவந்து, உங்கள் வீட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று பதறினார். வீட்டுக்குப் பின்னால் கடல்தான் இருக்கிறது, அது இதுவரைக்கும் உள்ளே வந்து எதையும் எடுத்ததில்லை என்றார் சிலுவை. மெட்டில்டா கடையைப் பூட்டிவிட்டு வந்து கதவைத் தாங்கிப் பிடித்தாள். மதியத்துக்குள் கீல் இறங்கி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் ஏறிவிட்டது.

திங்கட்கிழமை பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கு வரிசையில் நின்றார்கள். பாதிப் பேருக்கு அவசரமே இல்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அற்புதமணி அதிர்ச்சி அடைந்தார். விலைப்புள்ளி இல்லை, தீர்மானம் இல்லை, துணைக்குழு இல்லை. யாரோ ஒருவர் நேரில் வந்து, கையால் ஒரு காரியத்தைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். இதை அனுமதித்தால் நாளை எல்லோரும் வர ஆரம்பித்துவிடுவார்கள். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, அந்தக் கதவுக்குப் 'பின்னேற்பு ஒப்புதல்' அளித்து, கழகத்தின் நிதி திரட்டும் முயற்சியால் உண்டான மறைமுகப் பயன் அது என்று பதிவு செய்தார்.

மீதமிருந்தது பணம். கதவுக்காகத் திரட்டிய பணத்துக்குக் கதவு தேவையில்லாமல் போய்விட்டது. ஒரு தண்ணீர்த் தொட்டியும் குழாயும் போடலாம், இனிமேல் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பார்கள் என்றார் உமாராணி. கதவுக்கு வாங்கிய பணத்தைத் தண்ணீரில் போடுவது முறையல்ல என்றார் தலைவர். அதோடு தொட்டி கட்ட யாராவது நின்று பார்க்க வேண்டும். கடைசியில், நன்கொடையாளர்களின் தியாகத்தைப் போற்றி ஒரு கருங்கல் பலகை வைப்பது என்று முடிவானது. கல்வெட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் பெயர்களை அனுப்பினால் போதும், அவரே கொண்டுவந்து பதித்துவிடுவார். கட்டைவிரல்கள் குவிந்தன.

வாசகத்தை அற்புதமணியே எழுதினார். விழாவின் தனித்தன்மை துலங்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்து எழுதினார். சிலுவையின் பெயரையும் சேர்க்கலாமே என்று மெட்டில்டா கேட்டாள். அவர் வந்தவர், விதி இடம் கொடுக்காது என்று தலைவர் வருத்தத்தோடு மறுத்துவிட்டார். பதவி முறையில் மட்டும் போயிருந்ததால் அற்புதமணியின் சொந்தப் பெயருக்கு அந்தத் தடை இல்லை.

கல் பதித்த அன்று திறப்புவிழா ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் ரீனாவைக் கூப்பிட வந்தபோதுதான் அற்புதமணி அதை முதன்முதலாகப் பார்த்தார். பளபளப்பான கறுப்புக் கல். தங்க நிற எழுத்து. பிள்ளைகள் சிலர் அதற்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருக்கிறதா என்று மகளிடம் கேட்டார்.

ரீனா தலைப்பின்மேல் விரலை வைத்துச் சத்தமாக வாசித்தாள்.

"இப்பள்ளியின் பெண் குழந்தைகளுக்குக் கதவு இல்லாதபோது, அழைத்தும் வராதவர்கள்."

பிறகு விரலைக் கீழே இறக்கினாள்.

"அப்பா, ஒங்க பேருதான் மொதல்ல இருக்கு."