பொம்மனஹள்ளிக்கு வந்த இரண்டு கம்ப்யூட்டர்கள்

“ரெண்டு கம்ப்யூட்டரா? எங்க ஸ்கூல்லயா? எங்க சார் இருக்கு, காட்டுங்க பார்ப்போம்,” என்றார் பொம்மனஹள்ளி தலைமையாசிரியை பிரிஜெட்.

கேட்டது ஆம்ப்ரோஸிடம். நான்கு பள்ளிகளை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் அவர். தொண்ணூற்றெட்டில் ஒரு கம்பெனி எட்டு கம்ப்யூட்டர்களை இலவசமாகக் கொடுத்தது. பள்ளிக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாயிற்று என்று மனிதர் கூசாமல் அறிக்கை அனுப்பிவிட்டார். எட்டும் இருந்தது விவேக் நகர் பள்ளியில்தான். தையல் வகுப்பு தைத்த பூப்போட்ட உறைக்குள், பூட்டிய அறையில், மூன்று வருஷமாகச் சுகமான தூக்கம். செருப்பைக் கழற்றாமல் அந்த அறைக்குள் போகக் கூடாது. கழற்றினாலும் விட மாட்டார்.

இப்போது கம்பெனியின் ஷில்பா மேடம் போன் செய்திருந்தார். நாளைக் காலை பொம்மனஹள்ளி பள்ளியைப் பார்க்க வருகிறாராம்.

“நானும் மூணு வருஷமா கேட்டேன். இங்க தூசி, தூசின்னு தர மாட்டேன்னீங்க,” என்றார் பிரிஜெட்.

“அதையெல்லாம் அப்புறம் பேசலாம் மிஸ். என் மானம் போகுது!”

மறுநாள் காலை இரண்டு கம்ப்யூட்டர்கள் ஆட்டோவில் வந்து இறங்கின. உறைகளில் ‘விவேக் நகர்’ என்று சிவப்பு நூலில் கொட்டை எழுத்து. ஆம்ப்ரோஸ் உறையை உள்வெளியாகத் திருப்பி மாட்டினார்.

அடுத்த தலைவலி, வகுப்பறையில் பிளக் பாயின்டே இல்லை. பக்கத்து மாவு மில்லிலிருந்து ஒயர் இழுத்தார்கள். மில் ஓடினால் கம்ப்யூட்டர் அணைந்தது. ஆம்ப்ரோஸ் மில்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சி மில்லை நிறுத்த வைத்தார். ராகி அரைக்க வந்த பெண்கள் டப்பாவும் கையுமாகப் பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டார்கள்.

“யாரு மில்லை நிறுத்தச் சொன்னது? இவரா? பார்த்தா பெரிய மனுஷர் மாதிரி இருக்காரு, செய்யிற வேலையப் பாரு!”

ஆம்ப்ரோஸுக்குக் காது மடல் வரை சுட்டது. “அம்மா, ஸ்வல்ப நேரம் உட்காருங்க. டீ தர்றேன். யாராவது கேட்டா பெற்றோர் சங்கம்னு சொல்லுங்க,” என்று கும்பிட்டார்.

அது முடிந்தால் இது. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டரை எங்கே தொடுவதென்று தெரியவில்லை. வெளியே கம்ப்யூட்டர் கிளாஸ் போகும் சிந்தியாவை விவேக் நகர் பள்ளியிலிருந்து வரவழைத்து, இந்தப் பள்ளியின் யூனிபார்மை மாட்டிவிட்டார்.

“மேடம் கேட்டா என்ன சொல்லணும்? ‘தினமும் தொடுறோம்!’ எங்க, சொல்லுங்க.”

“தினமும் தொடுறோம்!” என்றது ஏழாம் வகுப்பு, தரையைப் பார்த்துக்கொண்டு.

பிரிஜெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் கொடுக்கிறோமே என்று ஆம்ப்ரோஸுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தென்ன, இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

பதினோரு மணிக்கு ஷில்பா வந்தார். சிந்தியா திரையில் ஒரு வீடும் மரமும் வரைந்து காட்டினாள். ஷில்பா அதைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

“நிஜமாவே டெய்லி யூஸ் பண்றீங்களா?”

“தினமும் தொடுறோம்!”

“நாங்க பெற்றோர் சங்கம்,” என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல், யாரும் கேட்காமலேயே.

“நல்லா வெச்சிருக்கீங்க சார். எனக்குத்தான் தப்பான தகவல் வந்திருக்கு,” என்று ஷில்பா எழுந்தார்.

அப்பாடா! ஆம்ப்ரோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கம் மட்டும் போகவில்லை. நாளைக்கே இவர்களுக்கு நிஜமாகவே இரண்டு கம்ப்யூட்டர் அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாசல் வரை வழியனுப்ப வந்தார்.

வெளியே கம்பெனி டிரைவர் கோவிந்தன் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கதவை மூடச் சொல்லி ஷில்பா கையசைத்தார்.

“என்ன மேடம், இறக்க வேணாமா? அப்ப ‘எங்க ஸ்கூல்ல ஒரு கம்ப்யூட்டர்கூட இல்ல’ன்னு லெட்டர் போட்ட ஏழாங்கிளாஸ் பசங்கதான் பொய் சொன்னாங்களா? சரி, இந்தப் பத்து கம்ப்யூட்டரையும் திருப்பிக் கொண்டுபோயிடலாம்.”