அடுப்புக்கு மேலே தொங்கிய பூண்டு

இந்த வருஷம் எப்படியும் ஒரு மட்டக்குதிரை வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊர் வடகவுஞ்சியில் விளைகிற பூண்டெல்லாம் இனி என் குதிரை முதுகில்தான் மலையிறங்கும். கூலி என் மடியில் விழும். நாலு பேர் என்னை "குதிரைக்காரர்" என்பார்கள்.

பணத்துக்கும் வழி இருந்தது. புதிதாக வந்த கூட்டுறவு நாணயச் சங்கம், எங்களைப் போன்ற சின்னக் குடியானவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. விதை வாங்க மட்டும்தான். சங்கத்துச் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து விதையைப் பார்ப்பார். என் வீட்டிலோ விதைப்பூண்டு ஏற்கெனவே அடுப்புக்கு மேலே கட்டுக்கட்டாகப் புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிவிட்டால் போதும். பணம் குதிரைக்கு.

இந்த மகா யோசனையை என் மனைவி அன்னக்கொடியிடம் சொன்னேன். அங்கேதான் கெட்டது.

அவள் நினைப்பெல்லாம் ஓடைக்காட்டின் மேல். அவள் அப்பா கொடுத்தது. எங்களுக்குத் தண்ணீர் பாய்கிற ஒரே நிலம். என் தங்கை கல்யாணத்துக்கு அடமானம் வைத்தோம். தை பிறப்பதற்குள் மீட்காவிட்டால் வட்டிக்காரருக்கே போய்விடும். அதற்குச் சங்கத்தில் கேட்கச் சொன்னாள். பழைய கடனை அடைக்கச் சங்கம் தராது என்றேன். அது உண்மைதான். இனி முளைக்கப்போகிற பூண்டை நம்பிக் கொடுப்பார்கள், கைவிட்டுப் போகிற காட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள். எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் குதிரை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

"சரிங்க, போயிட்டு வாங்க" என்றாள். எங்கள் தாம்பத்தியத்தில் அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பழனிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுப் பணத்தோடு திரும்பினேன். அடுப்புக்கு மேலே வெறும் கம்புதான் இருந்தது.

"பூண்டு எங்க புள்ள?"

"ஈரம் ஏறிப்போச்சுங்க. வெதைக்கு ஆவாதுன்னு கழிச்சுட்டேன்."

"அத்தனையுமா? நாளான்னிக்கு சூப்பர்வைசர் வர்றாரே."

"அப்ப வெள்ளனே எந்திரிச்சு, வெரசாப் போயி வாங்கியாங்க. பணந்தான் மடியில கெடக்கே."

மறுநாள் கோடைக்கானல் பஜாரில் பூண்டு வியாபாரி இப்ராம்சா ராவுத்தர் கடைக்குப் போனேன். விதைப்பூண்டை எனக்காகவே எடுத்து வைத்திருந்த மாதிரி முன்னால் கொண்டுவந்து போட்டார். நன்றாகப் புகை பிடித்த பூண்டு. விலையைக் கேட்டதும் என் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடிப்போய்விட்டது.

"கொறைச்சுக் குடுங்க ராவுத்தரே."

"எனக்கு வித்த அம்மா ரொம்பக் கறாருங்க. ஒரு காசு விட்டுத்தரல" என்றார் ராவுத்தர். அந்த அம்மாவின் புருஷனை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

மூட்டையை வாடகைக் குதிரையில் ஏற்றி, அதன் வாலைப் பார்த்துக்கொண்டே ஊர் வரைக்கும் நடந்தேன்.

வீட்டில் பூண்டைக் கம்பில் கட்டும்போது கயிற்றுக்குப் பதில் துணி கையில் தட்டுப்பட்டது. பச்சைக்கரைத் துணி. அறுவடையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த என் துண்டு! நார்நாராகக் கிழிபட்டு ஒவ்வொரு கட்டையும் சுற்றியிருந்தது.

"இது நம்ம பூண்டு."

"ஆமாங்க."

"ராவுத்தர் குடுத்த பணம்?"

"வட்டிக்காரருக்குக் குடுத்துட்டேன். ஓடைக்காடு நமக்குத் திரும்பிருச்சுங்க."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அந்தக் காட்டுக்காக அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மிச்சக் கட்டுகளையும் எடுத்துக் கம்பில் கட்டினேன்.

மறுநாள் வந்த சூப்பர்வைசர் பூண்டைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். விதைக்கென்று வாங்கின பணத்தை விதைக்கே செலவழித்த ஆள் இந்த மலையில் பொன்னுவேல் ஒருவர்தான் என்று ஊர் கூடியிருக்கும்போது என் முதுகைத் தட்டினார்.

அன்னக்கொடி அவருக்குக் காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"அவருக்கு வேற வழி தெரியாதுங்க."