மூச்சு சார் உட்கார்ந்த நாற்காலி

மூச்சு விடுவதையே உத்தியோகமாகச் செய்து, அதிலேயே படிப்படியாகப் பதவி உயர்ந்து, ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் மூச்சு சார்.

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் ஆய்வகம். தனியாக வாழும் பெரியவர்களுக்காக ஒரு ரேடார் கருவி செய்துகொண்டிருந்தோம். சுவரில் மாட்டினால் போதும், ஆளைத் தொடாமலே மூச்சைக் கவனிக்கும். மூச்சு நின்றால் சொந்தக்காரர்களுக்கு மணி அடிக்கும். சோதனைக்கு அசையாமல் உட்கார ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கெல்லாம் உட்கார்ந்த உடனே மூக்கு அரிக்கும். சார் மட்டும் பிள்ளையார் சிலை மாதிரி இருப்பார். சாதாரண இன்ஜினியராகச் சேர்ந்தபோது சோதனை அறையிலிருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர், மேனேஜர் ஆனார், தலைவர் ஆனார், நாற்காலியை மட்டும் விடவில்லை.

புதிதாக வந்த டீக்காரர் ஒருநாள் அலறிக்கொண்டு ஓடி வந்தார். "சார், உள்ள பெர்சு முயிச்சிக்கினே பூட்டாரு சார்!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்குச் சர்க்கரை போடாதப்பா."

மீட்டிங்கில் அவர் பார்வை நம் முகத்தில் இருக்காது, நெஞ்சில் இருக்கும். "என்னடா, மூச்சு மேல மேல போறது? லீவு கேக்க வந்தியா?" என்பார். லீவுதான் கேட்க வந்திருப்பேன். எங்கள் கணக்கு மேனேஜர் அவர் எதிரில் மூச்சைப் பிடித்துக்கொண்டே பேசப் பழகிவிட்டார்.

"வேற யாரையாவது உக்கார வைக்கலாமே சார்" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆத்துல நான் தனியாத்தாண்டா இருக்கேன். ஒருநாள் நின்னு போனா யாருக்காவது தெரியணுமோல்லியோ? என் மூச்சு இதுக்கு நன்னாப் பழகட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயிலாப்பூர் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் வேலைக்கார அம்மா வந்து கதவைத் தட்டித்தான் தெரிந்தது. கருவி தேறும் வரை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று விதி போட்டவரே அவர்தான்.

அடுத்த வாரம் கருவியை வாங்குகிறவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் வேண்டாம் என்றால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள். காலி அறையில் ஒத்திகை பார்த்தோம். திரையில் வந்தது: 'ஒருவர். மூச்சு சீராக உள்ளது.'

ஃபேனை நிறுத்தினோம். திரைச்சீலையைக் கழற்றினோம். பல்லியைக்கூடத் துரத்தினோம். ஒருவர்.

டீக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பெர்சு வந்துகீதா?" என்றவர் டீயை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாற்காலியை வெளியே எடுத்தால் 'யாரும் இல்லை'. திரும்ப வைத்தால் 'ஒருவர்'. வருஷக்கணக்காக அவர் மூச்சையே காட்டி வளர்த்ததால், அந்த நாற்காலி என்றாலே அவர் என்று கருவி நினைத்துக்கொள்கிறது என மேலிடத்துக்கு விளக்கம் சொன்னேன். திரையில் அந்த மூச்சு நடுவில் ஒரு கொட்டாவியும் விட்டதைச் சொல்லவில்லை.

வந்தவர்கள் முன்னால் நாற்காலி இல்லாமல் கருவி அழகாகத் தேறியது. இப்போது அடையாறு பக்கம் பல வீடுகளின் சுவரில் இருக்கிறது.

முதல் கருவியும் அந்த நாற்காலியும் என் அறையில் இருக்கின்றன. காலையில் வந்ததும் ஸ்விட்சைப் போடுவேன். 'ஒருவர். மூச்சு சீராக உள்ளது.' சரிசெய்வது பெரிய வேலையில்லை. நான் செய்யவில்லை.

நின்று போனால் யாருக்காவது தெரிய வேண்டும் என்றீர்களே. எல்லோருக்கும் தெரியும் சார். ஒத்துக்கொள்ளத்தான் எனக்கும் இந்தக் கருவிக்கும் மனசு வரவில்லை.