பஸ்லான் சேரின் வீச்சு

பந்து எங்கே போனது என்று தெரியவில்லை. மதிலுக்கு அப்பால் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"பஸ்லான்! என்ட டேங்குல ஓட்டை போட்டது ஆரு?"

பக்கத்து வீட்டு இப்றாஹிம் காக்காவின் குரல். பஸ்லான் பந்தடித்த தடியை அவசரமாக இடுப்புச் சாரத்துக்குள் மறைத்தார். பாதித் தடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"காகம் கொத்திட்டுப் போகுது காக்கா!"

"காகம் கொத்துறதுக்கு அது என்ன பப்பாசிப்பழமா?"

குசினி வாசலில் அகப்பையோடு நின்ற மனைவி றுமைஸா சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை. "கட்டார்ல பெட்ஷீட் உதறின கை. தடியைக் குடுத்தாலும் அது உதறத்தான் செய்யும்."

"மெதுவாப் பேசு! ஹோட்டல் வரைக்கும் கேக்கப்போகுது."

பஸ்லான் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் ஹோட்டலொன்றின் உதவி மனேஜர். கட்டாரில் ஆறு வருஷம் பெரிய ஹோட்டலொன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு உதறி மடித்தவர் என்பது காத்தான்குடியில் அவருடைய ஒழுங்கையில் வீடு வீடாகத் தெரியும். ஹோட்டலில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே அவர் சொல்லி வைத்தபடி, அந்த ஆறு வருஷமும் அவர் கொழும்பில் ஹோட்டல் நிர்வாகம் படித்தவர். குவைத்தில் சட்டி கழுவிய கதையை ஊரெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லித் திரியும் ஏறாவூர் அக்ரம் அதே ஹோட்டலின் குசினியில்தான் இருந்தான். அவனைக் கண்டாலே பஸ்லானுக்கு ஆகாது.

படித்தவர் என்பதற்கு அத்தாட்சியாக அவர் ஊழியர்களின் ஆங்கில உச்சரிப்பைத் திருத்துவார். 'சூப்' என்று சொன்னவர்களை 'ஸூப்' என்று சொல்லும்வரை விடமாட்டார். சூப் ஆறிப்போகும்.

இரண்டு கிழமைக்கு முன் வரவேற்பு மேசையில் இருக்கும் மேனுகா, கொழும்பிலிருந்து சேர்மன் எடுத்த அழைப்பை முடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பழைய மனேஜர் விலகுகிறார். சேர்மன் நேரில் வந்து, ஹோட்டலுக்குள்ளேயே ஒருவரைத் தெரிவு செய்வார். ஒரேயொரு அனுபவம்தான் கேட்கிறார். அது என்ன அனுபவம் என்று மேனுகா சொன்ன விதம் பஸ்லானின் காதில் முள்ளாகக் குத்தியது.

"என்ன புள்ள உச்சரிப்பு இது? கொல்ஃப்! வாயை வட்டமா வச்சுச் சொல்லு."

"இல்ல சேர், நான்..."

"வட்டமா!"

மூன்றாவது தடவையில் மேனுகாவின் வாய் வட்டமானது. "கொல்ஃப் அனுபவம் உள்ளவர்தான் வேணுமாம் சேர்."

பஸ்லானுக்குப் புரிந்தது. பெரிய மனுசர்கள் புல்லில் பந்தடித்து நடந்துகொண்டுதான் வியாபாரம் பேசுவார்கள். அன்றைக்கே 'மனேஜர்' என்று பொறித்த பெயர்ப்பலகையொன்றுக்கு ஓடர் கொடுத்தார். பிறகு களஞ்சிய அறைக்குள் புகுந்து, எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன தடியையும் இரண்டு பந்துகளையும் தேடி எடுத்தார். அதில் ஒரு பந்துதான் இப்போது இப்றாஹிம் காக்காவின் டேங்குக்குள் கிடந்தது.

மணிக்கட்டு உதறக் கூடாது என்றது யூடியூப். மறுநாள் விடியலில் சுபஹு தொழுத கையோடு ஹோட்டல் பின்புறம் போய், இரண்டு மணிக்கட்டையும் பண்டேஜால் சேர்த்துக் கட்டிக்கொண்டு வீசினார். பந்து இம்முறை நேராகத்தான் போனது. வாவியில் நண்டு பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரின் தோணிக்குள் நேராகப் போனது.

"டேய்! ஆருடா முட்டை எறியிற?"

"முட்டை இல்ல! கொல்ஃப் பந்து!"

"என்ன இழவா இருந்தா என்ன? என்ட நண்டெல்லாம் தண்ணியில பாஞ்சிட்டுது!"

பஸ்லான் கட்டிய கைகள் இரண்டையும் தூக்கி மன்னிப்புக் கேட்டார். கரையால் போனவர்கள், பொலிஸ் யாரையோ பிடித்துவிட்டது என்று நினைத்து நின்று பார்த்தார்கள்.

மனேஜர் அறையில் ஏசி இருக்கிறது, சுழல்கிற கதிரை இருக்கிறது. பஸ்லான் விடுகிற ஆளில்லை.

தண்ணீரும் டேங்கும் இல்லாத இடம் தேடி, பாலம் தாண்டி வவுணதீவுக்குப் போனார். ஹோட்டலுக்கு அரிசி கொடுக்கும் வினாயகமூர்த்தியின் வயல் வட்டையில் அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடந்தது. இப்போது பந்துக்குப் பதில் எலுமிச்சங்காய். தடியை இறுக்கிப் பிடித்ததுதான் பிழை, குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும் என்றது யூடியூப். அப்படியே பிடித்தார். எலுமிச்சங்காய் இருந்த இடத்திலேயே இருந்தது. தடி பறந்து போய் எருமைக் கூட்டத்துக்குள் விழுந்தது.

எருமைகள் ஓடின. ஓடிய வழியில் வினாயகமூர்த்தி காயப்போட்டிருந்த நெல் இருந்தது.

"தம்பி," என்றார் வினாயகமூர்த்தி, மிதிபட்ட நெல்லைப் பார்த்தபடி. "உங்களுக்கு என்னவோ வீசத்தானே வேணும்?"

"ஓம் அண்ணன்."

"அப்ப இந்தாங்க." நீளப் பிடி போட்ட புல்வெட்டும் கத்தியொன்றை நீட்டினார். "வரம்பு முழுக்கப் புல்லு. வீசுங்க."

நான்கு காலை பஸ்லான் வீசினார். முதல் நாள் கை உதறியது. இரண்டாம் நாள் முதுகு உதறியது. நான்காம் நாள் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பின, தலை அசையவில்லை, புல் சரசரவென்று சாய்ந்தது. வரம்பு முடிந்ததும் தடியை எடுத்து எலுமிச்சங்காயை ஒரு வீச்சு வீசினார். அது பனைமரத்துக்கு மேலால் போனது.

"அல்லாஹு அக்பர்!" என்று கத்தினார்.

"அந்தப் பக்க வரம்பும் இருக்கு," என்றார் வினாயகமூர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை சேர்மன் வாகனத்தால் இறங்கும்போது, ஊழியர்கள் எல்லோரும் பார்த்திருக்க, பஸ்லான் வாவிக்கரைப் புல்லில் கழுத்துப்பட்டியோடு தடி ஏந்தி நின்றார். டேங்கிலிருந்து மீட்ட பந்து காலடியில் இருந்தது. வீசினார். பந்து வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக ஏறி, நடு வாவியில் சத்தமில்லாமல் இறங்கியது.

சேர்மன் சற்றுத் திகைத்துப்போய்க் கை தட்டினார். "ஷோக்கான அடி. சரி, வாங்க, உள்ளே இருந்து பேசுவம்."

உள்ளே அவர் பஸ்லானின் விபரக் கோப்பைப் புரட்டினார். "கொழும்பில படிச்சதாப் போட்டிருக்கு. வெளிநாட்டில எங்கயாவது வேலை செஞ்சிருக்கீங்களா?"

பஸ்லான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். சலவைக்கூடக் கதையை யாரோ சேர்மனிடம் சொல்லிவிட்டார்கள்! நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சேச்சே! பெட்ஷீட் உதறப் போற குடும்பம் இல்ல சேர் நாங்க."

"ஒரு வருஷம்கூட இல்லையா?"

"சத்தியமா இல்ல சேர். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல்ல."

"அடடா," என்று சேர்மன் உண்மையான வருத்தத்தோடு கோப்பை மூடினார்.

அடுத்ததாக அக்ரம் உள்ளே போனான். கால் மணித்தியாலத்தில் மனேஜர் அறைக் கதவின் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

புதுப் பெயர்ப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்லான் வரவேற்பு மேசைக்குப் பாய்ந்தார். "என்ன நியாயம் புள்ள இது? தடியை எந்தப் பக்கத்தால பிடிக்கிறதெண்டே அவனுக்குத் தெரியாது! அவனுக்கு என்ன கொல்ஃப் அனுபவம் இருக்கு?"

மேனுகா எழுந்து நின்று, வாயைச் சிறிதும் வட்டமாக்காமல் சொன்னாள்:

"அரபு நாட்டு ஆக்கள் தங்க வரப்போறாங்களாம் சேர், அதால சேர்மன் கேட்டது கட்டார், குவைத் எண்டு போய் வந்த கல்ஃப் அனுபவம்; முதல் தரம் நான் சரியாத்தான் சொன்னன்."